கூட்டாளிக்குப் போட்ட கையெழுத்து

பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் நான் விளக்குக்காரனாக இருந்த காலத்தை நினைத்தால் முதலில் மண்ணெண்ணெய் வாசனைதான் வருகிறது. அதற்குப் பிறகுதான் ஆட்கள் வருகிறார்கள். மாலை மங்கும்போது கைகாட்டி மரங்களில் ஏறி, விளக்குகளில் எண்ணெய் ஊற்றி, திரியை வெட்டி, சிவப்பும் பச்சையுமான கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு இறங்குவேன். மேலே நிற்கும்போது கிள்ளான் ஆற்றுப் பக்கமிருந்து வெள்ளையாக ஏதோ எழுந்து வரும். அது பனியா, எஞ்சின் புகையா, அடுப்புப் புகையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அதற்குள் லைன் வீடுகளின் கூரைகள் ஒவ்வொன்றாக மறையும். யாரோ பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இறங்கவே மனம் வராது. ஆனால் அடுத்த மரம் காத்திருக்கும்.

பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றது. அதற்கப்புறம் கால்தான் படித்தது. மேருப் பக்கம் ரப்பர், பிறகு ரோட்டு வேலை, போர்ட் சுவெட்டன்ஹாமில் மூட்டை. எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நின்றதில்லை. ரயிலில் எனக்கு நாள் சம்பளம். வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு இல்லை, காய்ச்சல் வந்த நாளுக்கும் இல்லை. அதைப் பற்றி நான் அதிகம் நினைத்ததில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது.

தங்கியது ஒரு பாயிண்ட்ஸ்மேன் வீட்டுப் பின்கட்டில். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்கேற்ப லீவரை இழுத்து வழி மாற்றிவிடுகிறவர் அவர். நான் அவரை அண்ணே என்பேன். பெர்மனென்ட் ஆள், சர்க்கார் சம்பளம், சர்க்கார் குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு சமையல் கட்டு. அதில் வெளியாளைத் தங்க வைப்பது சட்டப்படி கூடாது. ஆனால் அந்த வரிசையில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் என்னைப்போல ஒருவன் பாயை விரித்திருந்தான்.

அவர் மனைவியை அக்கா என்பேன். அக்கா கிள்ளானில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே படகுத்துறையில் வேலை பார்த்துச் செத்துப்போனவர். "ஊருக்கு எப்ப போறீங்க" என்று யாராவது கேட்டால், "எந்த ஊருக்கு? கிள்ளானுக்கா? காலைல ரயில் ஏறினா பசியாற நேரத்துக்குப் போய்ச் சேந்துரலாமே" என்பார். கப்பலை அவர் கரையில் நின்று பார்த்ததோடு சரி. வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரமாகக் கங்குங் கீரை, மரவள்ளி, வேலியில் ஒரு பாகற்கொடி. கொஞ்சம் கோழிகள். முட்டையை அடுத்த வரிசை வீடுகளுக்கு விற்பார். பெண் ஒருத்தி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இவ்வளவும் அண்ணனின் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், குவார்ட்டர்ஸ் போனால் கோழிக்கூட்டை வைக்கக்கூட இடம் இராது.

சம்பள நாளைச் சொல்ல வேண்டும். சம்பள ஆபீசுக்கு எதிரே, வேலிக்கு அந்தப் பக்கம், பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. அதன் அடியில் கறுப்புக் குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வட்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கோலாலம்பூர் அம்பாங் தெருக் கித்தங்கியிலிருந்து வருகிறவர். கித்தங்கி என்றால் நீளமான ஒரே கூடம். வட்டிக்கடைக்காரர்கள் பலர் ஆளுக்கொரு மேசைப்பெட்டியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். இவரும் முதலாளி இல்லை. முதலாளி கடலுக்கு அப்பால் இருந்தார், இவர் அவருக்குக் கணக்குச் சொல்கிற ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சம்பளம் வாங்கி வருகிறவனைப் பார்த்து, "அண்ணே, பசியாறியாச்சா?" என்பார். அவ்வளவுதான். கேட்டவன் கை தானாகச் சம்பள முடிச்சை அவிழ்க்கும்.

ஏன் என்றால், சர்க்காரில் ஒரு விதி இருந்தது. கடனில் முழுகியவன் சர்க்கார் வேலைக்கு லாயக்கில்லை. கடன் உள்ளவன் சர்க்கார் பணத்தில் கை வைப்பான் என்று துரைமார்கள் நினைத்தார்கள். அதனால் கடன் வாங்கியதை யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். வட்டிக்காரர்களுக்கு அது போதும். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. "துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டி வரும்" என்றால், முதல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் மாதாமாதம் நடந்து போகும். சிலர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கம் கரிக்குவியலைத் தாண்டி, வேலியில் இருந்த ஓட்டை வழியாகக் குனிந்து வெளியேறுவார்கள். வட்டிக்காரருக்கும் அந்த ஓட்டை தெரியும். அங்கேயும் போய் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் சங்கம் வந்தது. சிக்கனக் கடன் சங்கம். மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துச் சேர்த்து வைப்பார்கள். சேர்ந்தவன் வெளியில் பட்ட கடனைச் சங்கமே அடைத்துவிடும். அவன் சங்கத்துக்குக் குறைந்த வட்டியில் கட்டிக்கொண்டு வரலாம். இதற்கென்று ஒரு இளம் வெள்ளைக்கார அதிகாரி வந்து ஆபீஸ் வாசலில் நின்று பேசினார். பேசியதை ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி தமிழில் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான மனிதர், கால்சட்டை மடிப்புக்கூடக் கறார். சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

"வாங்கின கடனை ஒளிக்காமல் சொல்ல வேணும். இப்ப சொன்னால் ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. சேர்ந்தாப் பிறகு ஒளிச்சது தெரிய வந்தால், சங்கத்தாலை எடுத்துப்போட்டுத் துரைக்கு அறிவிக்க வேண்டி வரும்."

டிக்கெட் பரிசோதகர் ஒருவர் இருந்தார். எதையும் கிண்டலாகத்தான் பேசுவார். "கிராணி ஐயா, ஒரு சந்தேகம். மரத்தடி ஆளு வெளிய நின்னு புடிக்கிறாரு. நீங்க உள்ளேயே நின்னு புடிக்கப் போறீங்க. அவ்வளவுதான வித்தியாசம்?"

"வட்டியிலை வித்தியாசம் இருக்கு."

"அது கிராணிமாருக்குத் தெரியும்லா. எங்களுக்கு வெயில்ல நிக்க வேண்டாம், அது ஒண்ணுதான் லாபம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பரிசோதகரே பிறகு சேர்ந்து சங்கக் கமிட்டியிலும் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் தயங்கித் தயங்கித்தான் போனார். அக்காவின் பிரசவத்துக்கும் பிறகு ஒரு காய்ச்சலுக்கும் கித்தங்கியில் வாங்கியிருந்தார். அதைச் சொன்னார். சங்கத்துக்கு அப்போது தனி இடம் கிடையாது. என் விளக்கறையில் மேசையும் கூரையும் இருந்ததால் அங்கேதான் கூடுவார்கள். நான் ஓரமாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பேன். கிராணி, "வேறை கடன் ஏதும்?" என்று கேட்டார். அண்ணன், "இல்லீங்க" என்றார். என் காதால் கேட்டேன். அதில் பொய் துளியும் இல்லை. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் எனக்கு ஒரே நீண்ட பிற்பகல்போலத் தோன்றுகின்றன. சம்பள நாளில் அண்ணன் முன்வாசல் வழியாக வந்தார். வட்டிக்காரர் மரத்தடியிலிருந்து தலையசைத்தார், அண்ணனும் அசைத்தார். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வந்தது. அண்ணனுடைய கூட்டாளி ஒருவர், செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்கிறவர், ஞாயிறுதோறும் சாப்பிட வருவார். தகரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு விரலால் தாளம் தட்டிப் பாடுவார். அப்படி ஒரு குரலை நான் பிறகு கேட்டதில்லை. பாட்டு நின்ற பிறகும் வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

ஒரு ஞாயிறு எல்லாரும் கிள்ளானுக்குப் போனோம். மூன்றாம் வகுப்புப் பெட்டி, ஜன்னல் பக்கம் அக்கா. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பித் திரும்பி ஓடின. அக்கா தன் அப்பா குடியிருந்த இடத்தைக் காட்டினார். அங்கே கிடங்கு ஒன்று நின்றது. "இங்கதான் எங்க அடுப்பு" என்று கிடங்குச் சுவரைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சிரித்தார். பிறகு ஆற்றங்கரையில் உட்கார்ந்து வடை தின்றோம். தண்ணீர் பழுப்பாக, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. கூட்டாளி மட்டும் எங்களோடு உட்காரவில்லை. துறையில் நின்ற தொங்கான்களை, அந்தப் பெரிய பாய்மரச் சரக்குப் படகுகளை, பார்த்துக்கொண்டே நின்றார். படகுக்காரன் ஒருவனிடம் மலாயில், சுமத்திராவுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டார். எனக்கும் அப்படிக் கேட்கிற பழக்கம் உண்டு. எந்தப் படகைப் பார்த்தாலும் கேட்பேன். அதனால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கும் அடுத்த ஞாயிறு, கறுப்புக் குடையோடு வட்டிக்காரர் வந்தார்.

வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் பெஞ்சை இழுத்துப் போட்டார். நான் வாசல் படியில் இருந்தேன்.

"உங்க கூட்டாளி பட்டறைக்கு வரலையாம். வீடு பூட்டிக் கெடக்கு."

"எங்கயாச்சும் போயிருப்பான். வந்துருவான்."

"சுமத்திராவுக்குத் தொங்கான் ஏறினதாச் சொல்றாங்க, அண்ணே."

"கிறுக்குப் பய" என்றார் அண்ணன். அதில் கோபத்தைவிட ஆசைதான் அதிகம் இருந்தது. "உங்களுக்கு எவ்வளவு தரணும் அவன்?"

வட்டிக்காரர் தொகையைச் சொன்னார். அண்ணனின் பல மாதச் சம்பளம் அது. "தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு அனுப்பினார். கடன் நோட்டுல ஜாமீன் நீங்கதானே."

அண்ணன் சிரித்தேவிட்டார். "அது கையெழுத்துங்க. கடன் அவனோடது."

வட்டிக்காரர் சிரிக்கவில்லை. குடைக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அவரு இல்லாட்டி நான் உங்ககிட்டத்தான் வரணும். இல்லைன்னா எங்க மொதலாளி என் சம்பளத்துல புடிச்சிருவாரு. நானும் சம்பளக்காரன்தான், அண்ணே."

அக்கா கோப்பியோடு வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. டம்ளரை வட்டிக்காரர் முன்னால் வைத்தார்.

"குடிங்க. குடிச்சிட்டுச் சொல்லுங்க. எத்தனை நாள்ல வேணும்?"

"அடுத்த சம்பளத்துக்குள்ள ஒரு வழி சொல்லுங்க அக்கா. இல்லைன்னா துரைகிட்டச் சொல்ல வேண்டி வரும். எனக்கு அது புடிக்காது. ஆனா சொல்லுவேன்." அவர் கோப்பியை முழுவதும் குடித்தார். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இதை இந்தக் காலத்தில் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் ஆட்கள் தாங்கள் வாங்கிய கடனைக் காசு சுத்தமாக நினைவு வைத்திருப்பார்கள். ஆனால் யார் யாருக்கு ஜாமீன் போட்டோம் என்று கேட்டால் விழிப்பார்கள். கூட்டாளி வந்து கூப்பிடுவான், கூடவே அம்பாங் தெரு வரை நடந்து போவார்கள், பேனாவை வாங்கிப் போடுவார்கள், வரும் வழியில் அவன் கோப்பி வாங்கித் தருவான். அதோடு முடிந்தது. வீடு மாறும்போது ஒரு கை பிடித்துவிடுவதுபோல. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவன் பெட்டிக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவானா? கை நீட்டி வாங்காத காசு எப்படிக் கடன் ஆகும்? கிராணி கேட்டபோது அண்ணன் இல்லை என்று சொன்னது இந்த நினைப்பில்தான்.

அன்று மாலை அண்ணன் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு எங்காவது போய்விடலாம் என்றார். என்னைப் பார்த்து, "இவனப் பாரு, எங்க போனாலும் பொழைக்கிறான்" என்றார்.

அக்கா கீரை கிள்ளிக்கொண்டிருந்தார். "போங்க. நீங்களும் தொங்கான் ஏறுங்க. ரெண்டு பேருமாச் சேந்து அங்க பாட்டுப் பாடுங்க. நான் இந்தக் கோழியெல்லாம் புடிச்சுக் கூடையில போட்டுக்கிட்டு எந்த ஊருக்குப் போறதுன்னு சொல்லிட்டுப் போங்க."

"கப்பல் சீட்டு எடுத்து ஊருல எங்க அண்ணன் வீட்டுக்கு..."

"உங்க அண்ணன நான் பாத்ததுகூட இல்ல. எம் மூஞ்சியப் பாத்து யாருன்னு கேப்பாரு." கீரையைத் தட்டில் போட்டார். "அந்த ஆளு சொல்றதுக்கு முன்னாடி நீங்களே போய்க் கிராணிகிட்டச் சொல்லுங்க."

"ஒளிச்சேன்னு சங்கத்த விட்டுத் தூக்குவாங்க. பேரு துரைக்குப் போகும்."

"சொல்லாட்டியும் போகத்தான போகுது. போறது உங்க வாயால போகட்டும்."

யார்டில் ஒரு எஞ்சின் நீளமாக மூச்சு விட்டது. பாகற்கொடியில் பூ ஒன்று விரிந்திருந்தது. அந்த மஞ்சள் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. எதற்காக அது மட்டும் நிற்கிறது என்று தெரியவில்லை.

கமிட்டி கூடிய அன்று பிற்பகலே மழை பிடித்துக்கொண்டது. விளக்கறையின் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் எல்லாரும் ஒருவர் முகத்துக்கு அருகே ஒருவர் குனிந்து பேச வேண்டியிருந்தது. பகலிலேயே இருட்டிவிட்டதால் நான் ஒரு விளக்கை ஏற்றி மேசைமேல் வைத்தேன். கைக்கு வந்தது கைகாட்டி விளக்கு. கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டேன். மூன்று பேர் முகத்திலும் பச்சை வெளிச்சம். கிராணி, டிக்கெட் பரிசோதகர், பட்டறையில் எஞ்சின் பழுதுபார்க்கும் பிட்டர் ஒருவர். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்கள்போல இருந்தார்கள். அண்ணன் நின்றுகொண்டே சொன்னார், ஒன்றும் விடாமல்.

கிராணி நெற்றியைத் தேய்த்தார். "உம்மை நான் கேட்டனான் எல்லோ? வேறை கடன் இருக்கோ எண்டு."

"கேட்டீங்க. இல்லைன்னேன். ஐயா, நான் ஒரு காசு கை நீட்டி வாங்கலை."

"கையெழுத்தும் கடன்தான். விதி அப்பிடி. நான் என்ன செய்யிறது? இண்டைக்கு உமக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் இப்பிடித்தான் வருவினம்." அவர் குரலில் கடுமை இல்லை. அது எனக்குக் கடுமையைவிடப் பயமாக இருந்தது. ஏற்கனவே முடிவு செய்துவிட்டவர் குரல் அது.

"ஐயா," என்றார் அண்ணன், "அப்ப கூட்டாளிக்குக் கையெழுத்துப் போட்டவன் எல்லாம் கடன்காரனா?"

"ஓம்."

டிக்கெட் பரிசோதகர் நாற்காலியில் அசைந்தார். வழக்கமான கிண்டல் அவர் முகத்தில் இல்லை. "அப்படின்னா கிராணி ஐயா, நானும் எந்திரிச்சு வெளிய நிக்கணும்."

"ஏன்?"

"நான் இவருக்குப் போட்டிருக்கேன்." பிட்டரைக் கை காட்டினார். "பழைய நோட்டு. இன்னும் தீரலைன்னு நினைக்கிறேன். தீந்துச்சா?"

"தீரல" என்றார் பிட்டர். "ஏன்யா அத இப்ப சொல்றே?"

"கேக்குறாருல்ல. நீ யாருக்கும் போடலையா?"

பிட்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், விரல்களை மடக்கினார், பிறகு மடக்குவதை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார். "இருக்கும்" என்றார்.

மழை இன்னும் வலுத்தது. இருவரும் கிராணியைப் பார்த்தார்கள். அண்ணன் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நான் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன். கிராணி பச்சை வெளிச்சத்தில் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியபோது மழையில் சரியாகக் கேட்கவில்லை. பரிசோதகர், "என்னங்க?" என்றார்.

"என்ரை மச்சானுக்குப் போட்டனான்" என்றார் கிராணி. "கிள்ளான் தபாலாபீசிலை இருக்கிறான். வீட்டிலை வந்து கேட்டவன். மனுசி பக்கத்திலை நிண்டவ. எப்பிடி மாட்டன் எண்டுறது? சங்கத்திலை சேரேக்குள்ளை எனக்கு அது நினைவிலையே வரேல்லை. சத்தியமா வரேல்லை."

யாரும் சிரிக்கவில்லை. பரிசோதகர்தான் மெதுவாகச் சொன்னார்: "அப்ப இந்த ரூம்ல யோக்கியன் விளக்குக்காரன் ஒருத்தன்தான்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "டேய், நீ போட்டிருக்கியா?"

"என் கையெழுத்தை யாருண்ணே கேப்பா?" என்றேன்.

அப்போதுதான் சிரிப்பு வந்தது. கிராணிகூடச் சிரித்தார், ஆனால் உடனே நிறுத்திக்கொண்டார். "இது சிரிக்கிற விசயமில்லை" என்றார். "இவரை எடுத்துப்போடுறதெண்டால் என்னையும் எடுக்க வேணும். நான் நாளைக்குப் போய் அதிகாரியிட்டை என்ரை பேரை முதலாவதாச் சொல்லுறன்."

பிட்டர் பதறினார். "வேலைக்கே ஆபத்துங்க. உங்களுக்கு பென்ஷன் இருக்கு."

"அதுதான் யோசிக்கிறன்" என்றார் கிராணி. ஆனால் மறுநாள் அதிகாரியிடம் போய்விட்டார்.

அன்று காலை முழுவதும் அண்ணன் லீவரடியில் நின்றார். அக்கா கோழிகளுக்குத் தீனி போட்டதையே இரண்டாம் தடவையும் போட்டார். உள்ளே நடந்ததைக் கிராணிதான் பிறகு விளக்கறைக்கு வந்து சொன்னார். அதிகாரிக்கு முதலில் புரியவே இல்லையாம். கடன் வாங்காதவனை எதற்காகக் கடன்காரன் என்கிறீர்கள் என்று அவரும் கேட்டாராம். விளங்கிய பிறகு, எத்தனை பேர் இப்படி இருப்பார்கள் என்றாராம். கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் என்று இவர் சொன்னாராம். அதிகாரி எழுந்து ஜன்னலுக்குப் போய் யார்டைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். எஞ்சின்கள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தன. லீவர்களுக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். இவர்களை எல்லாம் அனுப்பிவிட்டால் நாளைக்குக் காலை வண்டியை யார் விடுவது என்று அவர் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்து, தவறு நாம் கேட்ட கேள்வியில்தான், அடுத்த சம்பளம் வரை அவகாசம், எல்லாரும் போட்ட கையெழுத்துகளையும் வந்து சொல்லட்டும் என்றாராம்.

அந்தச் சம்பள நாளில் விளக்கறை வாசலில் நின்ற வரிசை சம்பள வரிசையைவிட நீளம். சொல்லிவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எனக்குப் போட்டது நீயா? செத்துப்போனானே ஒருத்தன், அவன்னுல்ல நினைச்சிருந்தேன்" என்று ஒருவர் இன்னொருவர் தோளில் கை வைத்துச் சொன்னார். வட்டிக்காரர் மரத்தடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாயச் சாயத் தூங்குமூஞ்சி மரம் இலைகளை மூடிக்கொண்டது. அவர் தலைக்கு மேலே ஆகாயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

அண்ணனுக்குச் சங்கம் மறுபடி கடன் கொடுத்தது. வட்டிக்காரரை விளக்கறைக்கே வரவழைத்து அடைத்தார்கள். அவர் நோட்டைக் கிழித்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, "பசியாறியாச்சா அண்ணே?" என்றார். அன்றைக்கு அது வெறும் கேள்விதான். அண்ணன் கடன் தீர்ந்துவிடவில்லை. துரைக்குப் பயப்பட வேண்டியதில்லை, அவ்வளவே. கடல் கடந்து போனவனுக்காக மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் நின்றது. கூட்டாளியைப் பற்றி வீட்டில் யாரும் திட்டவில்லை. அண்ணன் சில சமயம் அந்தத் தகரப்பெட்டியை விரலால் தட்டுவார். அக்கா உள்ளேயிருந்து, "தாளம் தப்புது" என்பார்.

மழை முடிந்ததும் என் கால் அரிக்க ஆரம்பித்தது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தென்னந்தோட்டத்தில் கொப்பரைக் கிடங்குக்குக் காவல் ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் இங்கே கிடைப்பதைவிட நல்லது. ஆனால் சரக்குக்குப் பொறுப்பு என்பதால் சர்க்கார் வேலையில் இருக்கும் ஒருவர் ஜாமீன் போட வேண்டும். சாப்பிடும்போது இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். கேட்பதாக நினைத்துச் சொல்லவில்லை.

அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "நான் போடறேன்."

அக்கா குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "போடுங்க" என்றார். "ஆனா மொதல்ல கிராணிகிட்டச் சொல்லிட்டு வந்து போடுங்க."

அண்ணன் கை கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்தேன். லீவர் இழுத்துக் காய்த்துப்போன கை. கிள்ளான் கரையில் தொங்கான்களைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் அன்றைக்கு ஏமாற்றப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார். தண்ணீரைப் பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

"வேண்டாம்ணே" என்றேன். "அங்கயே மூட்டை தூக்குற வேலையும் இருக்கு. அதுக்கு ஜாமீன் கேக்க மாட்டாங்க."

"காவல் வேலை சுகம்லா. ஏண்டா மூட்டைக்குப் போறே?"

"அடுத்த மழைக்கு எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாதுண்ணே."

அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார். "சாப்பிடு தம்பி" என்றார். அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

விடிந்தும் விடியாத நேரத்து வண்டியில் கிளம்பினேன். வழிக்கு அக்கா அவித்த முட்டை கட்டிக் கொடுத்திருந்தார். வண்டி யார்டைத் தாண்டும்போது அந்த வெள்ளை மூட்டம் தண்டவாளங்கள்மேல் படுத்திருந்தது. நான் துடைத்து வைத்த விளக்குகளை வேறு யாரோ ஏற்றியிருந்தார்கள். லீவருக்குப் பக்கத்தில் அண்ணன் நிற்பது தெரிந்தது. நான் கையை ஆட்டினேன். அவருக்கு இரண்டு கையும் லீவரில் இருந்தன, ஆட்ட முடியவில்லை. தலையை மட்டும் அசைத்தார். பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கிக் கிள்ளான் லைனுக்கு மாறியது. பின்னால் லைன் வீடுகளில் அடுப்புப் புகை எழும்பத் தொடங்கியிருந்தது. அதில் எது அக்கா வீட்டுப் புகை என்று கொஞ்ச தூரம் வரை அடையாளம் தெரிந்தது.